நாலு பக்கமும் காலி இடம்

வீடு வாங்கப் போகிறவர்கள் தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள். கூரை ஒழுகுமா, பத்திரம் சரியாக இருக்கிறதா, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். காதுக்காரர் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "ஆள் குடியிருக்கிற வீடு இங்கிருந்து எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்றுதான் கேட்டார். புரோக்கர் முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். ஆள் நடமாட்டம் இல்லையே என்று முகத்தைச் சுளித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். ஆள் நடமாட்டம் இருக்கிறதே என்று கவலைப்பட்ட மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தார்.

காதுக்காரர் என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். காது டாக்டர் வேறு ஆள். டாக்டரிடம் போவதற்கு முன்னால், யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துத் தாளில் கோடு போட்டுக் கொடுப்பவர் இவர். வெளிச் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "கேட்டா அமுக்குங்க" என்பார். கேட்காததையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளத்தான் பாதிப் பேருக்கு ஆசை. ஒரு பெரியவர் உட்கார்ந்த நிமிஷமே அமுக்க ஆரம்பித்துவிட்டார். "நான் இன்னும் சத்தமே கொடுக்கலைங்க" என்றதற்கு, "எப்படியும் கொடுப்பீங்கல்ல" என்றாராம். இருபத்தாறு வருஷம் இவர்களோடு மல்லுக்கட்டியே போய்விட்டது.

அவருக்கு ஒரே மகள். இருபத்து மூன்று வயது, ஆனாலும் வீட்டில் பாப்பாதான். பாப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். அப்பாவே பத்துத் தடவை சோதித்துப் பார்த்திருக்கிறார். எடுத்துக் கொடுத்தால் சாப்பிடுவாள், துணியை அம்மாவைவிட நேர்த்தியாக மடிப்பாள், நாள் முழுக்கத் தன்பாட்டுக்கு இருப்பாள். சாயங்காலம் நாலரை மணி அடித்தால் கத்துவாள். அழுகை இல்லை, வலி இல்லை. பார்க்க வேண்டிய டாக்டரையெல்லாம் பார்த்தாயிற்று. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஒரே நீளமாக ஒரு சத்தம். நிறுத்துவாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். ஆறு மணிக்குத் தானாக முடிந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் தொண்ணூற்றாறு டெசிபல். பெற்ற பெண்ணின் குரலை இப்படி எண்ணாகத் தெரிந்துவைத்திருக்கிற தகப்பன் வேறு எவனாவது இருப்பானா, தெரியவில்லை.

ஒன்பது வருஷத்தில் ஐந்து வாடகை வீடு. ஐந்துமே அடுக்குமாடி. அக்கம்பக்கத்தாரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முதல் வாரம் வந்து விசாரிப்பார்கள். பாப்பாவின் தலையைத் தடவி, "பாவம்" என்பார்கள். மூன்றாவது வாரம் சுவரைத் தட்டுவார்கள். இரண்டாவது வீட்டில் ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றியே சுவரில் அடித்தாள். மூன்றாவதில் மேல்மாடிக்காரர் எதையோ தூக்கித் தூக்கித் தரையில் போட்டார். கடைசி வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸின் தகரத்தை நாற்பது வருஷம் தட்டித் தட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் இடிப்பார். டொம், டொம். கூடவே ஜன்னல் வழியாக, "வாயை மூடு!" என்று ஒரு சத்தம். பஸ் முழுக்கக் கேட்ட குரல் அது. மேலே அம்மாக்காரி ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் சாத்துவாள். அப்புறம் பாப்பாவின் வாயைக் கையால் பொத்துவாள். பொத்தின கையைப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே அழுவாள்.

அந்த வீட்டில்தான் கடிதம் வந்தது. 'மனிதாபிமானத்தோடு கேட்டுக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்து, 'இந்த மாதக் கடைசிக்குள்' என்று முடிகிற கடிதம். கீழே பதினாலு கையெழுத்து.

"சொந்த வீடுன்னா யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாதுல்லங்க?" என்றாள் மனைவி.

"சொந்த வீட்டுக்கும் பக்கத்து வீடு இருக்கும். போலீஸ்ல எழுதிக் கொடுப்பாங்க."

"அப்ப பக்கத்து வீடே இல்லாத வீடாப் பாருங்க."

அவள் எரிச்சலில் சொன்னாள். அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

அந்த வீடு ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான இடம், இடுப்பளவு புல், நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு வீடு. இரண்டு அறை, சமையலறை, பின்னால் குளியலறை. வாசல் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். ஒரு சுவிட்சைப் போட்டால் இரண்டு அறையிலும் விளக்கு எரிந்தது. இன்னொன்றைப் போட்டால் எதுவுமே எரியவில்லை. ஈரம் ஏறிச் சுண்ணாம்பு பெயர்ந்து தரையோரம் பூராவும் உதிர்ந்து கிடந்தது. இடத்துக்கு இடதுபக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கு, வலதுபக்கமும் பின்பக்கமும் வெறும் நிலம். முன்னால் ரோடு.

"வீட்டைப் பார்க்காதீங்க சார், இடத்தைப் பாருங்க" என்றார் புரோக்கர். "வாங்குற யாரும் இதை வச்சுக்க மாட்டாங்க. இடிச்சுட்டு உங்க இஷ்டத்துக்குக் கட்டிக்கலாம்."

"இடிக்கிறதா இல்லை. நாங்க இதுலயேதான் இருக்கப் போறோம்."

"இதுலயா?" என்று புரோக்கரே வீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

காதுக்காரர் காரிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கரை இறக்கினார். அதை உள்ளறையில் வைத்து, பக்கத்தில் மனைவியை நிறுத்தி, ஒரு மீட்டர் தூரத்தை டேப் பிடித்து அளந்து, தொண்ணூற்றாறு வருகிறவரை குமிழைத் திருகினார். போனில் பதிவு பண்ணி வைத்திருந்த பாப்பாவின் சத்தம்தான். பிறகு சத்தம் அளக்கிற மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கி, "இப்பப் போடு" என்று போனில் சொன்னார்.

போட்டாள். வெளியே யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்த புரோக்கர், ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெளி கேட் வரைக்கும் ஓடிவிட்டார்.

"சார்! யாராச்சும் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா? இந்த வீட்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது சார். நான் கேரண்டி."

"ஐயோ, அது எங்க பொண்ணுங்க" என்றார் காதுக்காரர். விஷயத்தைச் சொன்னார்.

புரோக்கர் கொஞ்ச நேரம் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல குரல் சார்" என்றார்.

இடத்தின் பின்பக்க எல்லையில் நாற்பத்தாறு. கிடங்குப் பக்கம் நாற்பத்தைந்து. ரோட்டைத் தாண்டி, ஆள் குடியிருக்கிற முதல் வீட்டின் வாசல் வரைக்கும் போய் நின்று பார்த்தார், முப்பத்தெட்டு. வீட்டுக்குள் ஃபேன் ஓடினால் அந்தச் சத்தமே இதைவிட அதிகம். நடுரோட்டில் நின்றுகொண்டு அந்த மனுஷர் அழுதுவிட்டார். ஒன்பது வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த நெருப்பு அது. அணைந்தால் கண்ணில் தண்ணீர் வரத்தானே செய்யும்.

"தண்ணி எப்படின்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி, திரும்பி வந்ததும்.

"அதெல்லாம் பார்த்துக்கலாம்."

"பாப்பாவை ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டிட்டு முடிவு பண்ணலாமே."

"புது இடம்னா மிரளுவா. எல்லாத்தையும் முடிச்சுட்டு ஒரேயடியா வந்துடலாம்."

இப்படியாக, பாப்பா வரவில்லை. அவள் சத்தம் மட்டும் வந்து வீடு பார்த்துவிட்டுப் போனது. சேமிப்பு, ஆஸ்பத்திரியில் எடுக்க முடிந்த முன்பணம், மாமனார் விட்டுப்போனது எல்லாம் அந்தப் புல்லுக்குள் போய்ச் சேர்ந்தது. பழைய வீட்டைக் காலி பண்ணுகிற அன்று கண்டக்டர் மாடி ஏறி வந்தார். பாத்திரப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து வண்டி வரைக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டு, "மனசுல வச்சுக்காதீங்க தம்பி, எனக்கும் வயசாயிடுச்சு" என்றார். காதுக்காரர் நிஜமாகவே மனசில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவருக்கு உலகத்தில் யார்மேலும் கோபம் இல்லை.

புது வீட்டில் முதல் நாள் நாலரை மணி. பாப்பா தரையில் உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள். அம்மாக்காரி பழக்க தோஷத்தில் ஜன்னலைச் சாத்த ஓடினாள்.

"எதுக்குச் சாத்துறே? இங்க யார் இருக்கா?" என்றார் காதுக்காரர்.

அவள் பாதியில் நின்றாள். பிறகு சாத்தினதையும் திறந்தாள், சமையலறை ஜன்னலையும் திறந்தாள், வாசல் கதவைத் தூக்கி விரியத் திறந்து வைத்தாள். வந்து பாப்பாவின் எதிரில் உட்கார்ந்து, "கத்துடா கண்ணு. உன் இஷ்டத்துக்குக் கத்து. யாரும் வர மாட்டாங்க" என்றாள். யாரும் வரவில்லை. அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் டீயை ஆறவிடாமல் குடித்தார்கள். கல்யாணமான புதிதில் குடித்ததற்கப்புறம் இப்போதுதான் என்று அவள் சொன்னாள்.

ஒரு வாரம் போயிற்று. பாப்பா கத்துவாள், நிறுத்துவாள், தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்சம் இருப்பாள். அந்தக் கொஞ்சம் நாளாக நாளாக நீண்டது. ஒரு நாள் ஐந்து மணிக்கே முடித்துக்கொண்டாள். இன்னொரு நாள் ஒரே ஒரு தடவைதான் கத்தினாள். பத்தாவது நாள் நாலரை வந்தது, ஐந்து வந்தது, ஆறும் ஆயிற்று. பாப்பா கத்தவே இல்லை.

காதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்குப் போன் பண்ணி, "இடம் மாறினது அவளுக்கு எப்படி ஒத்துக்கிச்சு பார்த்தியா! அமைதியாயிட்டா!" என்றார். ஆஸ்பத்திரியில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

அமைதிதான். பாப்பா துணி மடிப்பதை நிறுத்தினாள். பிறகு சாப்பாட்டை நிறுத்தினாள். வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். வற்புறுத்தினால் நாலு வாய், அதோடு சரி. பகல் முழுக்கத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, காதைத் தரையோடு தரையாக ஒட்டவைத்துக் கிடந்தாள். சூடு தாங்காமல் படுக்கிறாள் என்று அம்மாக்காரி ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். பழைய வீட்டிலும் அவ்வப்போது இப்படித்தான் படுப்பாள்.

ஒரு மத்தியானம் காஸ்காரர் வந்தார். கேட்டிலிருந்து அவ்வளவு தூரம் புல்லுக்குள் சுமந்து வந்த எரிச்சல். சிலிண்டரைச் சமையலறைத் தரையில் டொம்மென்று போட்டார்.

உள்ளறையிலிருந்து சத்தம் கிளம்பியது. பாப்பாதான். பதினோரு நாளைக்கு அப்புறம், பழைய நீளத்துக்கு, முழுத் தொண்டையில்.

"அக்கா, நான் எதுவும் பண்ணலைக்கா" என்று காஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாக்காரி ஓடிப்போய்ப் பார்த்தாள். பாப்பா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவிவிட்டது மாதிரி பளிச்சென்று இருந்தது. தலையைச் சாய்த்து, கண்ணை அகல விரித்து, எதற்கோ காத்திருந்தாள். காஸ்காரர் போய்விட்டார். பாப்பா காத்திருந்தாள். பிறகு மெல்லப் படுத்துக் காதைத் தரையில் வைத்தாள். அப்படியே சாயங்காலம் வரைக்கும் கிடந்தாள்.

அம்மாக்காரி சமையலறைக்குப் போய், சிலிண்டரைக் கஷ்டப்பட்டுச் சாய்த்துத் தூக்கி, தானே டொம்மென்று போட்டாள். எட்டிப் பார்த்தாள். பாப்பாவும் கதவு வழியாக இவளைப் பார்த்தாள். அம்மாதான் என்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காதுக்காரர் வேலை முடிந்து வந்ததும் அவரை உட்காரக்கூட விடவில்லை.

"என்னங்க, அவங்க தட்டினாங்களே, எல்லா வீட்லயும். அதைத்தான் இவ தேடுறா."

"எதை?"

"இவ கத்துவா, அவங்க தட்டுவாங்க. இவ மறுபடி கத்துவா, அவங்க மறுபடி தட்டுவாங்க. ஒன்றரை மணி நேரம் இவ சும்மா கத்தலைங்க. பேசிக்கிட்டிருந்திருக்கா."

"அவங்க திட்டினாங்க. அதுக்குப் பேர் பேச்சா?"

"திட்டினா என்னங்க? இவ சத்தத்துக்கு ஒருத்தர் திருப்பிச் சத்தம் கொடுத்தாங்க. நாம என்னைக்காவது கொடுத்தோமா? வாயைத்தானே பொத்தினோம். மீட்டரைத் தூக்கிட்டு அலைஞ்சீங்களே. இவ சத்தம் வெளிய போகுதான்னு அளந்தீங்க. வெளியில இருக்கிற சத்தம் இவகிட்ட வருதான்னு அளந்தீங்களா?"

இருபத்தாறு வருஷமாக ஊரில் உள்ள காதையெல்லாம் சோதித்த மனுஷர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் லீவு போட்டார். நாலரை மணிக்கு வெளியே போய், ஒரு கட்டையை எடுத்துச் சுவரில் இடித்தார். பாப்பா ஜன்னலுக்கு வந்தாள். கட்டையும் கையுமாக நிற்கிற அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி ஒரு பார்வை. போய்ப் படுத்துக்கொண்டாள். அப்புறம் அவருக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினார். சிலிண்டர் போடுகிற சத்தத்தைப் பதிவு பண்ணி, ஸ்பீக்கரைப் பக்கத்து அறையில் மறைத்து வைத்து, தானும் மனைவியும் பாப்பாவின் கண்ணெதிரிலேயே உட்கார்ந்துகொண்டு ஓடவிட்டார். டொம். பாப்பா எழுந்தாள். கத்தினாள்! மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பாப்பா பாதி கத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த டொம் வந்துவிட்டது. அவள் சட்டென்று நிறுத்தினாள். மூன்றாவதும் நாலாவதும் அதேபோல், இவள் கத்தினாளா இல்லையா என்று கவலையே இல்லாமல் வந்தன. பாப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு வந்தாள். அதோடு அந்த வித்தையும் போயிற்று.

டாக்டர் எடை பார்த்தார். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ போயிருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம். இப்படியே இருந்தா அட்மிட் பண்ணி மூக்குல குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்கணும்" என்றார். மூக்கில் எதைக் கொண்டுபோனாலும் பாப்பா பிடுங்கிவிடுவாள். அப்புறம் கையைக் கட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் தினம் பார்க்கிற காதுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாடகைக்கு அடுக்குமாடி தேடினார். இந்தத் தடவை சுவர் மெல்லியதா என்று கேட்டார். ஆனால் ஐந்து கட்டிடத்தில் காலி பண்ணின குடும்பம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போனை எடுத்தவர்கள் பெயரைக் கேட்டதும் வீடு முடிந்துவிட்டது என்றார்கள். வீட்டை விற்றுவிட்டாவது, ஆள் நெருக்கமான தெருவில் ஓர் இரண்டு அறையைச் சொந்தமாக வாங்கலாம் என்று பழைய புரோக்கரிடம் போனார்.

புரோக்கர் தலையைச் சொறிந்தார். "கஷ்டம் சார்."

"ஏன்? இடம் பெரிசுதானே."

"இடம் பெரிசுதான். அன்னைக்கு ஸ்பீக்கர் போட்டீங்களே, அதை நான் ஒரு நாலு பேர்கிட்ட தமாஷாச் சொல்லிட்டேன். அவங்க நாப்பது பேர்கிட்ட சொல்லிட்டாங்க. இப்ப அந்த வீட்ல பொம்பளைக் குரல் கேட்குதுன்னு ஊரே பேசுது. வாங்கினவங்களும் மூணே மாசத்துல விற்க வந்துட்டாங்கன்னா, அவ்வளவுதான், ஊர்ஜிதம் ஆயிடும்." கையைப் பிசைந்தார். "ஒரு ரெண்டு வருஷம் போகட்டும் சார்."

ரெண்டு வருஷம். டாக்டர் கொடுத்திருந்தது ரெண்டு வாரம்.

அவர் நேராகப் பழைய கட்டிடத்துக்குப் போனார். கண்டக்டர் கதவைத் திறந்தார். இவரைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"நான் ஒருத்தன் மட்டுமா கையெழுத்துப் போட்டேன் தம்பி? பதினாலு பேர் போட்டாங்க."

"அதுக்கு வரலைங்க ஐயா. நீங்க வந்து தட்டணும்."

"எதை?"

"எங்க வீட்டை."

கண்டக்டர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கஷ்டத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்திருக்க வேண்டும். காதுக்காரர் முழுக்கச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது கண்டக்டர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டடைக் கம்பு இடித்த இடத்தில் வட்ட வட்டமாகச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

"நான் கோவத்துல இடிச்சேன் தம்பி. அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லணும்னா இடிச்சேன்?"

"கோவமாவே தட்டுங்க. அதான் வேணும்."

மறுநாள் மூன்றரைக்கெல்லாம் கண்டக்டர் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். கம்பைக்கூட மறக்காமல் எடுத்து வந்திருந்தார். பாப்பா உள்ளறையில் தரையோடு கிடந்தாள். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே முட்டிக்கொண்டு தெரிந்தது. கண்டக்டர் கதவிடுக்கில் ஒரு தரம் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. அவரைப் பக்கத்து அறையில் நிறுத்திவிட்டு, காதுக்காரரும் மனைவியும் பாப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

நாலரை ஆயிற்று. சுவரில் சத்தம் கேட்டது. டொக், டொக்.

பாப்பா தலையைத் தூக்கினாள்.

மறுபடி, டொக், டொக். தூங்குகிற குழந்தையை எழுப்புவதற்குத் தட்டுகிற மாதிரி, அவ்வளவு பதமாக. பாப்பா கேட்டாள். சுவரையே பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்தது. மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இன்னும் இரண்டு முறை அதே பதமான தட்டு வந்தது. பாப்பா தலையைத் தரையில் வைத்துவிட்டாள்.

காதுக்காரர் எழுந்து ஓடினார்.

"இப்படி இல்லைங்க ஐயா! அங்க தட்டினீங்களே, அப்படி. இடிங்க!"

"கை வரலை தம்பி."

"சுவர் போனாப் போகட்டும் ஐயா, வீடே போகட்டும். திட்டுங்க. வாயை மூடுன்னு கத்துவீங்களே, கத்துங்க!"

கண்டக்டர் கம்பை ஓங்கினார். "வாயை மூ..." என்று ஆரம்பித்தார். பஸ் முழுக்கக் கேட்ட அந்தக் குரல் பாதியிலேயே பிசிறிப்போய் அழுகையாகிவிட்டது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். உள்ளறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"விடுங்க அவரை" என்றாள் மனைவி, கதவருகே வந்து. "இரக்கம் வந்துடுச்சு அவருக்கு. இனிமே முடியாது."

காதுக்காரர் கண்டக்டரின் எதிரில் மண்டியிட்டார். வெட்கம் மானம் எல்லாம் அவரை விட்டுப் போய் நாளாயிற்று.

"ஐயா, நாங்க திரும்ப அங்கேயே வந்துடறோம். மேல் வீடு இன்னும் காலியாத்தான் இருக்குன்னு பார்த்தேன். குடியிருப்போர் சங்கத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்பாங்க. அங்க வந்தா அவ கத்துவா. உங்களுக்கும் கோவம் வரும். அவ பிழைச்சுக்குவா."

கண்டக்டர் துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வாரத்துக்காவது அந்தப் பொய் தாங்கியிருக்கும்.

"சொல்றேன் தம்பி. இன்னைக்கே போய்ச் சொல்றேன். சங்கத்துல சம்மதிக்கவும் வச்சுடுவேன்." நிறுத்தினார். "ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நீங்க வந்து, அவ மேல் வீட்ல உட்கார்ந்து தினம் ஒன்றரை மணி நேரம் கத்தினா, எனக்குக் கோவம் வரும். நிச்சயம் வரும். நான் என்னை அறிவேன். கோவம் வந்தா தட்டுவேன். அப்புறம் மூணாவது மாசம் கடிதத்தைக் கொண்டு வந்து நீட்டுவாங்க. அப்ப நான் கையெழுத்துப் போட்டுடுவேன் தம்பி. இன்னைக்கு இவளைப் பார்த்த இந்தக் கண்ணோட போய்க் கையெழுத்துப் போடுவேன்."

காதுக்காரர் தலையாட்டினார். அவருக்கும் அது தெரியும். பதினாலு பேரும் நல்லவர்கள்தான்.

"பரவாயில்லைங்க ஐயா" என்றார். "மூணு மாசம்னா மூணு மாசம். அதுக்குள்ள ஒரு ஒன்பது கிலோ ஏறிடும்."

மனைவி உள்ளே போய்ப் பாப்பாவின் துணியை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். கண்டக்டர் கம்பை ஊன்றி எழுந்து, சொல்லிக்கொண்டு புறப்பட்டார். வீட்டிலிருந்து கேட்டு வரைக்கும் அவ்வளவு பெரிய இடம். அவருக்கு நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.